பறங்கிமலைப் பீரங்கியும் காற்று விரியும் கணக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஒருவன் சார்லஸ் விதியை ஒரே வரியில் எழுதிப் போட்டான். கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தான்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடந்தது, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் தாத்தா?" நான் பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். ஒருவர், "சம்பந்தம் ஒன்றுமில்லை, மனப்பாடம் பண்ணி மார்க்கை வாங்கு" என்றார். இன்னொருவர், "எல்லாம் நம் முன்னோர் அன்றைக்கே சொன்னதுதான்" என்று கோபப்பட்டார். பையன் ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்கு இரண்டு பதிலுமே உவப்பாக இல்லை. முதல் பதில் சோம்பல். இரண்டாவதும் சோம்பல்தான், அது பெருமை என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. நடந்தது என்ன என்று பார்த்தால் சென்னை நுங்கம்பாக்கத்தில் போய் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் விதியை ஞாபகப்படுத்திக்கொள்வோம். அழுத்தம் மாறாமல் இருந்தால், ஒரு வாயுவைச் சூடாக்கச் சூடாக்க அதன் பருமன் கூடும். எவ்வளவு கூடும்? 0 டிகிரி செல்சியஸில் இருந்த பருமனில் 273இல் ஒரு பங்கு, ஒவ்வொரு டிகிரிக்கும். ஆக்சிஜனோ நைட்ரஜனோ ஹைட்ரஜனோ, எந்த வாயுவாக இருந்தாலும் ஏறக்குறைய இதே பங்குதான். இரும்பும் பித்தளையும் ஒரே அளவாக விரிவதில்லை. தண்ணீரும் எண்ணெயும் அப்படித்தான். வாயுக்கள் மட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. அதில்தான் ஆச்சரியம் இருக்கிறது. பாடப்புத்தகம் அந்த ஆச்சரியத்தை எடுத்துவிட்டுச் சமன்பாட்டை மட்டும் கொடுக்கிறது.

நம் ஊர்க் கணக்காகச் சொல்கிறேன். இருபது அடி நீளம், இருபது அடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஒரு வகுப்பறை. மார்கழி, தை போல ஒரு காலையில் 22 டிகிரி. பங்குனி வெயிலில் மதியம் அதே அறை 36 டிகிரி. அறைக்குள் 4,000 கன அடிக் காற்று இருந்தது. 22 டிகிரி என்பது கெல்வினில் 295. பதினான்கு டிகிரி ஏறினால் 295இல் 14 பங்கு விரியும். அதாவது கிட்டத்தட்ட 190 கன அடி. அறை விரியாது. எனவே அந்த 190 கன அடிக் காற்று சன்னல் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். எடை போட்டால் ஆறு கிலோவுக்குக் குறையாது. நாம் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த அறையிலிருந்து ஆறு கிலோ காற்று யாருக்கும் தெரியாமல் நடையைக் கட்டியிருக்கிறது!

இனி ஆட்களுக்கு வருவோம்.

பாரிஸ் நகரத்து ஷாக் சார்லஸை உலகம் அறிந்தது பலூனால்தான். 1783 ஜூனில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் சூடான காற்றை நிரப்பிப் பலூன் விட்டார்கள். மேலே தூக்கியது சூட்டினால் விரிந்து லேசான காற்று என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. புகையில் ஏதோ தனிச் சத்து இருக்கிறது என்று நம்பினார்கள். சார்லஸ் வேறு வழி போனார். இரும்புத் தூளில் அமிலத்தை ஊற்றி ஹைட்ரஜன் தயாரித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அவருடைய ஆளில்லாத பலூன் பாரிஸிலிருந்து கிளம்பி கொனேஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. ஊர்மக்கள் ஏதோ பூதம் என்று பயந்து கம்பும் கவைக்கோலுமாக வந்து குத்திக் கிழித்துவிட்டார்கள். (நம் பக்கத்தில் விழுந்திருந்தால் மட்டும் மாலை போட்டு வரவேற்றிருப்போமா என்ன.) டிசம்பர் 1 அன்று சார்லஸே ஏறிப் பறந்தார். ஒரு தடவை இறங்கி, கூட வந்தவரை இறக்கிவிட்டதும் பாரம் குறைந்து பலூன் சரசரவென்று மேலே போய்விட்டது. கீழே மறைந்த சூரியனை மேலே போய் இன்னொரு தடவை பார்த்தார். காதில் கடுமையான வலி. அதற்குப் பிறகு அவர் பறக்கவே இல்லை.

1787 வாக்கில் அவர் வாயுக்களைச் சூடாக்கிப் பார்த்தார். பல வாயுக்கள் உறைநீரிலிருந்து கொதிநீர் வரை ஒரே அளவாக விரிவதைக் கண்டார். ஆனால் ஒரு வரிகூட அச்சிடவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1802இல், 23 வயது இளைஞர் ஒருவர் அதே வேலையை ஒழுங்காகச் செய்தார். பெயர் கே-லூசாக். அவருக்கு முன்னால் பலர் அளந்திருந்தார்கள், ஆளுக்கொரு விடை சொன்னார்கள். காரணம் என்ன என்று அவர் கண்டுபிடித்தார்: குடுவையில் ஒட்டியிருந்த ஈரம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இருந்தாலும் சூட்டில் ஆவியாகி, காற்று அதிகமாக விரிந்தது போலக் காட்டிவிடும். குடுவையையும் வாயுவையும் நன்றாக உலர்த்தி அளந்தார். உறைநீரில் 100 பங்கு இருந்த வாயு கொதிநீரில் 137.5 பங்கு ஆனது. எல்லா வாயுவுக்கும் இதே கதை. அச்சிட்ட கட்டுரையில், "இதை எனக்கு முன்பே சார்லஸ் கண்டிருந்தார், தற்செயலாகத்தான் எனக்குத் தெரியவந்தது" என்ற பொருள்படக் குறிப்பிட்டார். சார்லஸின் கருவியால் துல்லியமாக அளக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு குறிப்பு இல்லையென்றால் சார்லஸின் பெயர் விதிக்கு வந்திருக்காது. இங்கிலாந்தில் ஜான் டால்ட்டனும் 1801இல் ஏறக்குறைய இதே முடிவைச் சொல்லியிருந்தார். ஆகவே விதியின் மேல் ஒரு பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1702இல், பாரிஸில் காது கேளாத அமோந்தோன் என்பவர் அடைத்து வைத்த காற்றின் அழுத்தம் சூட்டோடு கூடுவதை அளந்திருக்கிறார்.

இனி நம் பக்கம். கே-லூசாக் தன் கட்டுரையை எழுதிய அதே 1802இல், சென்னைப் பறங்கிமலை அடிவாரத்தில் லாம்டன் என்ற கம்பெனி அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு நிலத்தை அளந்துகொண்டிருந்தார். 100 அடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மூடி, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து அளந்தார்கள். சூட்டில் சங்கிலி நீளும், அந்த நீட்சியைக் கழிக்க வேண்டும் என்பதற்காக. இந்தியா முழுவதையும் அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் முதல் அடிக்கோடு. திடப்பொருள் விரிவுக்குப் பத்தாம் வகுப்பில் தண்டவாள இடைவெளியைச் சொல்கிறோம். பறங்கிமலைச் சங்கிலியையும் சொல்லலாம் என்பது என் ஆசை.

அதே சென்னையில், நுங்கம்பாக்கத்தில், 1792இல் கம்பெனி கட்டிய வானாய்வகம் ஒன்று இருந்தது. அதைக் கட்டிய மைக்கேல் டாப்பிங் 1796இல் இறந்தபின் பொறுப்புக்கு வந்தவர் ஜான் கோல்டிங்காம். வானியலாளர் என்றாலும் பல வேலை தெரிந்த மனிதர். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவர்தான். கிண்டி பொறியியல் கல்லூரியின் மூலமான அளவைப் பள்ளியையும் கவனித்தார்.

அந்தக் காலத்தில் கோட்டையிலும் பறங்கிமலையிலும் காலையும் இரவும் பீரங்கி வெடிப்பது வழக்கம். கோல்டிங்காம் அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஆய்வகத்து மாடியில் நின்றால் தொலைவில் பீரங்கியின் தீப்பொறி தெரியும். சில நொடிகள் கழித்துத்தான் சத்தம் வரும். நடுவில் எத்தனை நொடி என்று காலமானியில் எண்ண வேண்டும், அவ்வளவுதான். கோட்டை 13,932 அடி தூரம், பறங்கிமலை 29,547 அடி. தூரத்தை நேரத்தால் வகுத்தால் ஒலியின் வேகம். 1820, 1821 ஆண்டுகளில், மாதம் தவறாமல், நூற்றுக்கணக்கான வெடிகளை எண்ணினார்கள். ஒவ்வொரு தடவையும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்று வீசும் திசை எல்லாம் பதிவு. 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இது வெளிவந்தது.

நம் ஊர்த் திருவிழாவில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊருக்கு அந்தப் பக்கம் அதிர்வேட்டுப் போடுவான். பளிச்சென்று தெரியும். "டமார்" வருவதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். மேற்கே மலை மேல் மின்னல் வெட்டும்போதும் இதே கணக்குத்தான். கோல்டிங்காம் செய்ததும் இதுதான். ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக, சலிக்காமல் செய்தார்.

இதில் வாயு விரிவு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கவனியுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒலி என்பது காற்றில் ஓடும் நெருக்கடி. ஒரு அடுக்குக் காற்று அடுத்த அடுக்கைத் தள்ளுகிறது, அது அடுத்ததை. எவ்வளவு வேகமாகத் தள்ளும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: காற்று எவ்வளவு விறைப்பாக எதிர்த்துத் தள்ளுகிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது. விறைப்பு, அழுத்தத்தைப் பொறுத்தது. கனம், அடர்த்தி. வெயில் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் சார்லஸ் விதிப்படி காற்று விரிகிறது, விரிந்தால் அடர்த்தி குறைகிறது. லேசான காற்றை அதே விறைப்பு தள்ளும்போது ஒலி வேகமாக ஓடும். ஆக, சூடான நாளில் ஒலி சீக்கிரம் வரவேண்டும். வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வாயு எவ்வளவு விரிகிறது என்று குடுவைக்குள் அளக்கத் தேவையில்லை. ஊர் அளவு பெரிய குடுவையில், பீரங்கியை வைத்தே பார்க்கலாம்.

இது அன்றைக்குச் சாதாரண விஷயம் அல்ல. 1687இல் நியூட்டன் ஒலியின் வேகத்தைக் கணக்குப் போட்டு நொடிக்கு 968 அடி என்றார். ஆனால் இங்கிலாந்தில் டெர்ஹாம் என்ற பாதிரியார் துப்பாக்கி, பீரங்கி வைத்து அளந்து 1,142 அடி என்றார். ஆறில் ஒரு பங்கு இடிக்கிறது. நியூட்டன் அடுத்த பதிப்பில் ஏதேதோ காரணம் சொல்லிக் கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் என்பதால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. டெர்ஹாமும் ஒரு இடத்தில் சறுக்கினார்: கோடையும் குளிரும் ஒலியின் வேகத்தை மாற்றாது என்று எழுதிவைத்தார். 1740இல் இத்தாலியில் பியான்கோனி அது தவறு, குளிர்காலத்தில் ஒலி தாமதமாகவே வருகிறது என்று காட்டினார். நியூட்டனின் கணக்கில் எங்கே ஓட்டை என்று 1816இல்தான் லாப்லாஸ் தெளிவாகச் சொன்னார். ஒலி காற்றை நெருக்கும்போது அந்த இடம் கணநேரம் சூடாகிறது. சூடு வெளியேற நேரமில்லை. சூடான காற்று விரியத் துடிக்கும், அதனால் கூடுதல் விறைப்போடு எதிர்த்துத் தள்ளும். நியூட்டன் சூடாவதையே கணக்கில் சேர்க்கவில்லை. சைக்கிள் பம்ப்பில் காற்றடித்தால் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சங்கதி.

லாப்லாஸ் சொல்லி நான்கு வருஷத்தில், வெப்ப நாட்டில், வருஷம் முழுக்க, சென்னையில் பீரங்கி எண்ணத் தொடங்குகிறார்கள். அந்தக் காலத்துக்கு அது பொருத்தமான சோதனை.

விடை என்ன? ஜனவரியில் சராசரி வேகம் நொடிக்கு 1,101 அடி. ஏப்ரலில் 1,145. ஜூலையில் 1,164. பிறகு இறங்கி டிசம்பரில் 1,099. பார்த்தவுடன், "ஆகா, சூடு கூடினால் வேகம் கூடுகிறது, விதி நிரூபணமாகிவிட்டது" என்று எழுதத் தோன்றும். நீங்கள் அப்படி எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். ஏன் என்று பாருங்கள்.

ஜனவரியில் சராசரி வெப்பநிலை 79 பாரன்ஹீட் அளவில் இருந்தது, ஜூலையில் 87ஐ ஒட்டி. வித்தியாசம் எட்டு டிகிரிக்குள். வாயு விரியும் கணக்கின்படி அதற்கு ஒலியின் வேகம் எட்டு, ஒன்பது அடிதான் கூடவேண்டும். ஆனால் கூடியிருப்பதோ 63 அடி! மிச்சம் 54 அடி எங்கிருந்து வந்தது?

கோல்டிங்காம் இதை அறியாதவர் அல்ல. எல்லாப் பதிவுகளையும் பிரித்துப் பார்த்து அவரே ஒரு கணக்குத் தந்தார். வெப்பமானி ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏறினால் 1.2 அடி. ஈரமானியில் ஒரு டிகிரிக்கு 1.4 அடி. காற்றழுத்தமானியில் பத்தில் ஒரு அங்குலத்துக்கு 9.2 அடி. காற்று ஒலியோடு சேர்ந்து வீசுவதற்கும் எதிர்த்து வீசுவதற்கும் 21 அடிக்கு மேல் வித்தியாசம்.

முதல் எண்ணைப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு 1.2 அடி. இன்றைய கணக்குப்படி வரவேண்டியது சுமார் 1.1 அடி. கணினி இல்லை, மின்சாரம் இல்லை. பீரங்கியும் காலமானியும் மனிதக் கண்ணும் காதும் மட்டும். அதில் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்கள். வருஷச் சராசரியும் அப்படித்தான்: மாத எண்களைக் கூட்டி வகுத்தால் 1,134 அடி வருகிறது. அந்த வெப்பநிலைக்கு இன்று நாம் கணக்கிடுவது 1,140 அடியை ஒட்டி.

மூன்றாவது எண்தான் வில்லங்கம். காற்றழுத்தம் ஒலியின் வேகத்தை மாற்றக்கூடாது. ஏனென்றால், வெப்பநிலை மாறாமல் அழுத்தம் மட்டும் கூடினால், பாயில் விதிப்படி அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடும். விறைப்பும் கூடியது, கனமும் கூடியது. ஒன்றை ஒன்று அடித்துவிடும். அப்படியானால் 9.2 அடி எப்படி வந்தது? என் கணிப்பு இது. சென்னையில் அழுத்தம், சூடு, ஈரம், காற்றின் திசை நான்கும் தனித்தனியாக மாறுவதில்லை. பருவத்தோடு கைகோத்து மாறுகின்றன. ஜூலையில் சூடு கூடுதல், அழுத்தம் குறைவு, காற்று மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து. டிசம்பரில் எல்லாம் தலைகீழ், காற்று வடகிழக்கிலிருந்து. பறங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஆடியில் காற்று அந்தச் சத்தத்தைத் தோளில் தூக்கி வந்து இறக்கும். மார்கழியில் எதிரே நின்று மறிக்கும். கோட்டை கிழக்கே இருப்பதால் அதற்கு நேர்மாறு. பருவக்காற்று செய்த வேலையில் ஒரு பங்கை அழுத்தமானியின் தலையில் எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து வண்டி தள்ளும்போது யார் எவ்வளவு தள்ளினார்கள் என்று பிரிப்பது லேசல்ல.

அவர் நூல் அச்சில் வருவதற்கு முந்திய ஆண்டு, 1822 ஜூனில், பாரிஸுக்கு வெளியே வில்ஜூயிஃப், மோன்லெரி என்ற இரண்டு இடங்களுக்கு இடையே பிரெஞ்சுக்காரர்கள் இதே சோதனையைச் செய்தார்கள். 18 கிலோமீட்டருக்கு மேல் தூரம். இரண்டு முனையிலும் பீரங்கி, மாறி மாறி வெடி. ஒரு திசையில் காற்று உதவினால் மறு திசையில் தடுக்கும், சராசரி எடுத்தால் காற்றின் பாதிப்பு கழிந்துவிடும். நல்ல யோசனை. அங்கே காலமானியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கே-லூசாக்! குடுவைக்குள் காற்று விரிவதை அளந்த அதே மனிதர், இருபது வருஷம் கழித்து, திறந்த வெளியில் அதே காற்றின் ஒலியை எண்ணிக்கொண்டு நிற்கிறார். 16 டிகிரியில் நொடிக்கு 341 மீட்டரை ஒட்டிய விடை கிடைத்தது. அவர்கள் இரண்டு இரவுகளில் முடித்தார்கள், தந்திரம் அவர்களுடையது. வருஷம் முழுக்க அளந்த பொறுமை சென்னையுடையது. சமவெப்ப நாட்டில் ஒரு இரவில் கிடைக்காத பாடம் நம் பருவங்களில் கிடைத்தது.

இப்போது அந்த இரண்டு பதில்களுக்கு வருகிறேன். இது நம் முன்னோர் சாதனை என்று மார்தட்ட முடியுமா? முடியாது. பீரங்கி கம்பெனியுடையது. ஆய்வகம் கம்பெனியுடையது. தூரம் அளக்கவும் கப்பல் ஓட்டவும் நாட்டைப் பிடிக்கவும் அவர்களுக்கு இந்த எண்கள் தேவைப்பட்டன. நமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்க முடியுமா? அதுவும் முடியாது. அளக்கப்பட்டது சென்னைக் காற்று. தென்மேற்கும் வடகிழக்கும் புகுந்து விளையாடியது நம் பருவம். அந்த ஆய்வகத்தில் நம் ஊர் உதவியாளர்களும் வேலை பார்த்தார்கள். ஒரு இரவு விடாமல் கருவிகளைக் காத்து, எண்களைக் குறித்தவர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் வரவில்லை. கே-லூசாக் சார்லஸுக்குச் செய்த மரியாதையை இவர்களுக்குச் செய்ய ஆளில்லாமல் போயிற்று.

கணக்கின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கே-லூசாக்கின் 37.5 என்ற எண்ணிலிருந்து ஒரு டிகிரிக்கு 267இல் ஒரு பங்கு என்று வரும். இன்று நாம் சொல்வது 273. முப்பது, நாற்பது ஆண்டுகள் எல்லோரும் 267ஐயே நம்பினார்கள். பிறகு சுவீடனில் ருட்பெர்க் சந்தேகப்பட்டு அளந்தார். 1840களில் பிரான்சில் ரேனோ இன்னும் நுணுக்கமாக அளந்து 36.65 என்று திருத்தினார். ஈரத்தை விரட்டியவரிடமும் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்தது போலும். இந்த 273 ஏன் முக்கியம்? குளிர்ந்துகொண்டே போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் 273இல் ஒரு பங்கு சுருங்கும். அப்படியானால் மைனஸ் 273இல் பருமன் சுழி. அதற்குக் கீழே குளிர் கிடையாது. 1848இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அங்கிருந்து எண்ணத் தொடங்கும் அளவுகோலைக் கொண்டுவந்தார். உண்மையில் எந்த வாயுவும் அவ்வளவு தூரம் வாயுவாக இருக்காது, வழியிலேயே திரவமாகிவிடும். விதி ஒரு கோட்டை நீட்டிக் காட்டுகிறது, பயணம் பாதியில் நின்றுவிடுகிறது.

என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் குழாய் ஞாபகம் இருக்கும். ஒரு முனை மூடிய மெல்லிய குழாய், நடுவில் ஒரு துளிப் பாதரசம், அதற்குக் கீழே அடைபட்ட காற்று. ஐஸ் வண்டிக்காரரிடம் பனிக்கட்டி வாங்கி வந்து ஒரு அளவு, அடுப்பில் வெந்நீர் வைத்து நாலைந்து அளவு. வரைபடத்தாளில் புள்ளி வைத்து, கோட்டை இடப்பக்கம் நீட்டினால் எங்கே தொடுகிறது என்று பார்ப்போம். ஒருவனுக்கு மைனஸ் 250, இன்னொருத்திக்கு மைனஸ் 290. பின்பெஞ்சு மகான் ஒருவர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் சரியாக மைனஸ் 273 கொண்டுவருவார், குழாயைத் தொடாமலேயே! இன்று அவர்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள். (பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.)

இந்த விதி பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2005இல் ஹைதராபாத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் தளத்திலிருந்து இஸ்ரோ ஒரு ராட்சதப் பலூனை விட்டது. பருமன் 267 லட்சம் கன அடி. 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்துக் காற்றைப் பிடித்துவர வேண்டும், அதில் நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்க்க. அங்கே காற்று மிக மெலிந்தது, பாட்டிலைத் திறந்தால் ஒன்றும் வராது. என்ன செய்தார்கள்? காற்று நீக்கிய பதினாறு எஃகு உருளைகளை 38 கிலோ திரவ நியானில் மூழ்கவைத்தார்கள். திரவ நியான் மைனஸ் 246 டிகிரி. உருளையின் வாயைத் திறந்ததும் உள்ளே நுழைந்த காற்று அந்தக் குளிரில் உறைந்து ஒட்டிக்கொண்டது. பருமன் இல்லாமல் போனதால் மேலும் மேலும் காற்று வந்தது. தரைக்கு வந்து சூடேறியதும் மறுபடி வாயு. அதிலிருந்து புதிய பாக்டீரியா இனங்கள் மூன்று கிடைத்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு ஃப்ரெட் ஹாயில் பெயர்.

நம் பக்கத்துப் பொட்டிபுரத்தில் அமைப்பதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தின் கருவிகளிலும் இதே சங்கதி உண்டு. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளியில் வாயுவை ஓடவிடும் கருவிகள் அவை. அறையின் சூடும் அழுத்தமும் மாறினால் வாயுவின் அடர்த்தி மாறும், அதற்குத் தகுந்தாற்போல் மின்னழுத்தத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே இழுக்காதீர்கள். நம் உறவுகளிலேயே இரண்டு கட்சி இருக்கிறது, பொங்கலுக்கு ஒரே இலையில் சாப்பிட வேண்டும்.

பேரனுக்கு ஒரு வேலை. கோடை மழை தொடங்கும்போது மேற்கே மின்னல் தெரிந்தால் எண்ணு. எத்தனை நொடி, அப்போது வெப்பமானி என்ன காட்டியது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, மூன்றையும் நோட்டில் எழுது. வீட்டுக்குள் நின்று எண்ணு, மொட்டைமாடிக்குப் போகாதே.

அடுத்த தடவை சென்னை போகிறவர்கள் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மையத்து வளாகத்தில் விசாரியுங்கள். பழைய ஆய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே இருக்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. படம் எடுக்க அனுமதி கிடைத்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள்.